எல்லையோரத்தில் சந்தை ஆய்வு: சித்தூர் தாலுகாவில் களம் இறங்குவோருக்கு

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கமோ வேலந்தாவளம் பக்கமோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாதச் செலவை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு கேரளத்துக் கார்டு. அரிசியில் பாதி ரேஷன் கடையில், மீதி பொள்ளாச்சியில். பருப்பும் சர்க்கரையும் கேரள அரசின் சப்ளைகோ நடத்தும் மாவேலி ஸ்டோரில். பால் ஊர் சொசைட்டியில். தீபாவளித் துணிக்குக் கோயம்புத்தூர். கம்பெனிகளோ கேரளத்துக்கு ஒரு விநியோகஸ்தர், தமிழ்நாட்டுக்கு ஒரு விநியோகஸ்தர் என்று பிரித்து வைத்து, விற்பனைக் கணக்கையும் அப்படியே பார்க்கிறார்கள். அந்தக் கணக்கை நம்பினால், பொள்ளாச்சிக்காரர்கள் அளவுக்கு மீறிச் சாப்பிடுவது போலவும் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் பட்டினி கிடப்பது போலவும் தெரியும்.

அதனால் முதல் விதி இதுதான்: வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, பொருளை எந்த ஊரில் வாங்கினார்கள் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதை ஊகிக்காதீர்கள். கீழே வரும் முறைகள் எல்லாம் இந்த ஒன்றைச் சரியாகப் பிடிப்பதற்காகத்தான்.

இந்தப் போக்குவரத்துக்கு வேர் ஆழம். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு, சென்னையோடு சேர்ந்த மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானத்துப் பகுதி. கோடு மாறிய பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும் மாறவில்லை. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் எடுக்கப்பட்டன. சிறு கடைக்காரர் பொள்ளாச்சி மொத்தக் கடையில் சரக்கு எடுத்துக் எல்லையிலுள்ள கோபாலபுரம் வழியாகக் கொண்டுவருவது அதன்பின் இன்னும் எளிதானது.

உதாரணத்துக்கு ஒரே பொருளை வைத்துக்கொள்வோம்: சமையல் எண்ணெய். எல்லையோரத்தில் வரக்கூடிய சிக்கல்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

கேள்வித்தாளைத் தொடுவதற்கு முன்

இரண்டு நாள் எதுவும் கேட்காமல் சுற்றுங்கள். பழைய டப்பா சேர்ப்பது, சுவர் விளம்பரங்களைப் படம் எடுப்பது, வாரச் சந்தைகளில் அலைவது என்று ஏதாவது ஆர்வம் இருப்பவர்களுக்கு இந்தத் தொழிலில் பெரிய அனுகூலம் உண்டு. அவர்கள் கண் தானாகவே சரியான இடத்துக்குப் போகும். மளிகைக் கடை முகப்பில் தொங்கும் சரங்களைப் பாருங்கள். ஷாம்பு, காப்பித்தூள், மசாலா பாக்கெட்டுகளின் பின்புறம் எந்த மொழி அச்சாகியிருக்கிறது? தமிழ் அச்சுள்ள பாக்கெட்டு கேரளத்துக் கடையில் தொங்கினால், அது எந்த வழியாக வந்தது என்பது உங்கள் ஆய்வின் ஒரு கேள்வி.

பொள்ளாச்சியில் ஒரு பெரிய மளிகைக் கடையின் எதிரே ஒரு மணி நேரம் நின்று, வந்து நிற்கும் இருசக்கர வண்டிகளின் நம்பர் பலகையை எண்ணுங்கள். டிஎன் 41 பொள்ளாச்சி, கேஎல் 70 சித்தூர், கேஎல் 09 பாலக்காடு. வார நாளில் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமையில் ஒரு முறை, காலை, மாலை என்று மாற்றி எண்ணுங்கள். இந்த எண்ணிக்கையை அறிக்கையில் சதவீதமாகப் போடக்கூடாது. வண்டி வைத்திருப்பவர் மட்டும்தான் இதில் தெரிவார், பஸ்ஸில் வருபவர் தெரியமாட்டார். ஆனால் கேள்வித்தாளில் எந்தெந்த ஊர்ப் பெயர்களை விடையாக அச்சடிக்க வேண்டும் என்பதை இது சொல்லிவிடும்.

களப்பணி மாதத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஓணம், தீபாவளி, பொங்கலை ஒட்டிய வாரங்கள் வேண்டாம். அந்த வாரங்களில் பலகாரத்துக்கு வாங்கிய எண்ணெய், வழக்கமான மாதத்தைக் காட்டாது. ராவுத்தர் குடும்பங்கள் உள்ள பகுதியில் நோன்பு மாதத்துக்கும் இதே கவனம் வேண்டும். முதலமடைப் பக்கம் மாங்காய்ப் பருவத்தில் கூலிக் குடும்பங்கள் விடியும் முன் தோப்புக்குப் போய்விடும். கதவைத் தட்டினால் பாட்டியும் குழந்தையும்தான் இருப்பார்கள். விலையும் முக்கியம். 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை கிடுகிடுவென ஏறியது. அப்படிப்பட்ட நேரத்தில் எடுத்த கணக்கை வழக்கமான ஆண்டின் கணக்காகச் சொல்ல முடியாது. களப்பணி தொடங்கிய தேதி, முடிந்த தேதி, அந்த வாரம் உள்ளூரில் விற்ற விலை மூன்றையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

எத்தனை வீடு, எந்த வீடு

மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு சதவீதக் கணக்கு போதும், அது 5 சதவீதப் புள்ளி அங்கே இங்கே இருந்தால் பரவாயில்லை என்றால் சூத்திரப்படி 384 வீடு என்று கணக்கு வரும். 4 புள்ளிக்குச் சுமார் 600, 3 புள்ளிக்கு 1,067. ஆனால் இந்த எண்கள், வீடுகளைத் தாலுகா முழுக்கச் சிதறலாகத் தேர்ந்தெடுத்தால்தான் பொருந்தும். ஓர் இடத்துக்குப் போய் 10 வீடு எடுப்பதுதான் நடைமுறை. பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஒரே கடையில் வாங்கும், ஒரே எண்ணெய் ஊற்றும். அந்த ஒற்றுமையை 0.05 என்று வைத்தால், எத்தனை மடங்கு வீடு வேண்டும் என்பது 1 + (10 − 1) × 0.05 = 1.45. 384-ஐ 1.45-ஆல் பெருக்கினால் 557 வீடு. எண்ணெய் போலக் கடையை ஒட்டி மாறும் பொருளுக்கு ஒற்றுமை இன்னும் கூடுதலாகவே இருக்கும். ஆகவே ஓர் இடத்தில் 10 எடுப்பதைவிட 6 அல்லது 7 எடுத்து இடங்களை அதிகப்படுத்துங்கள். பெட்ரோல் செலவு கூடும், கணக்கு தேறும்.

எல்லையின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால், பக்கத்துக்கு 200 வீடு எடுத்தாலும் 10 புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தை நம்பிச் சொல்ல முடியாது. பணம் கொடுப்பவரிடம் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முடிவு வந்த பிறகு சொன்னால் சாக்காகத் தெரியும்.

இடங்களைத் தேர்ந்தெடுக்க வாக்காளர் பட்டியல் வசதியானது. வார்டுகளை அல்லது வாக்குச்சாவடிகளை வரிசையாக எழுதி, வாக்காளர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போங்கள். மொத்தம் 60,000 என்றும் 40 இடம் வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால் இடைவெளி 1,500. ஒன்றிலிருந்து 1,500-க்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுங்கள். 430 வந்தால் அடுத்தது 1,930, பிறகு 3,430. அந்த எண்கள் விழும் வார்டுகள்தான் உங்கள் இடங்கள். கேரளப் பக்கத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, பெருமாட்டி, முதலமடை பஞ்சாயத்துகளையும், தமிழ்நாட்டுப் பக்கத்தில் பொள்ளாச்சி, ஆனைமலை ஒன்றியங்களின் எல்லையோர ஊர்களையும் இரண்டு தனிப் பட்டியலாக வைத்து இதைச் செய்யுங்கள்.

இடத்துக்குப் போனபின் எங்கே தொடங்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பஸ் நிறுத்தத்திலோ டீக்கடையிலோ தொடங்கினால், கடைக்குப் பக்கத்தில் இருப்பவர்களே மாதிரியில் நிறைந்துவிடுவார்கள். கடை பக்கத்தில் இருப்பவர் சிறு பாக்கெட்டு அடிக்கடி வாங்குவார். தோப்புக்குள் இருப்பவர் மாதத்துக்கு ஒரு டின் வாங்குவார். இந்த வித்தியாசமே உங்கள் ஆய்வுப் பொருள். அதைத் தொடக்கத்திலேயே அழித்துவிடக்கூடாது. பட்டியலில் குலுக்கி எடுத்த ஒரு வாக்காளர் வீட்டைத் தேடிப்போய் அங்கிருந்து தொடங்குங்கள்.

தெருவாக வீடுகள் அடுக்கியிருக்கும் கிழக்கத்தி ஊர்களில் வலது கைப்பக்கமாகவே நடந்து 5 வீடு விட்டு 6-ஆவது வீடு என்ற பழைய முறை நன்றாக வேலை செய்யும். மேற்கே போகப்போக வீடுகள் தோப்புக்குள் தனித்தனியாக இருக்கும். வலது கை எது என்றே தெரியாது. அங்கே பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் வலது பக்கப் பாதை, ஒரு வீடு விட்டு ஒரு வீடு என்று மாற்றிக்கொள்ளுங்கள். எங்கே எந்த விதியைப் பின்பற்றினீர்கள் என்று எழுதிவையுங்கள்.

பூட்டிய வீட்டை உடனே விட்டுவிடக்கூடாது. மூன்று முறை, மூன்று வெவ்வேறு நேரத்தில் போக வேண்டும். வேலைக்குப் போகும் வீடுகள்தான் பூட்டிக்கிடக்கும். அவற்றை விட்டால் வீட்டில் இருப்பவர்களின் சந்தையை மட்டுமே அளந்திருப்பீர்கள். கேரளத்தில் தொழிலுறப்பு என்றும் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்றும் சொல்லும் வேலைக்குப் பெண்கள் போயிருப்பார்கள். மாலை நாலரை மணிக்கு மேல் ஏழு மணி வரைதான் நல்ல நேரம். தட்டிய ஒவ்வொரு கதவையும், மறுத்தவர்களையும் சேர்த்து, தொடர்புத் தாளில் ஒரு வரியாக எழுதுங்கள்.

கேரளத்து மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்துப் பெண்களைப் பிடித்தால் ஒரே மாலையில் 15 பேர் கிடைப்பார்கள். ஊர் அறிமுகத்துக்கு அவர்களை நாடுங்கள், நன்றி சொல்லுங்கள். மாதிரிக்கு மட்டும் அங்கே ஆள் எடுக்காதீர்கள். 1998-இல் தொடங்கிய அந்த அமைப்பில் அயல்கூட்டம் ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்தது; ஒருவரை ஒருவர் பார்த்து வாங்கும் பழக்கம் அங்கே அதிகம்.

யாரிடம் கேட்பது

கருத்துக் கேட்கும் ஆய்வு என்றால் வீட்டில் யாரிடம் பேசுவது என்பதைக் குலுக்கலுக்கு விடுங்கள். 1949-இல் லெஸ்லி கிஷ் வகுத்த, வீட்டில் இருப்பவர்களைப் பட்டியலிட்டு அட்டவணைப்படி ஒருவரை எடுக்கும் கட்ட முறையோ, கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர் யார் என்று கேட்கும் முறையோ போதும். எண்ணெய்க்கு அது சரிப்படாது. சமைப்பவர் ஒருவர், வாங்கி வருபவர் இன்னொருவர். தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போகும் வீட்டுக்காரர் திரும்பும்போது டின் வாங்கி வருவார்; விலை அவருக்குத்தான் தெரியும். எத்தனை நாள் வந்தது என்பது சமைப்பவருக்குத்தான் தெரியும். இரண்டு பகுதியாகப் பிரித்து, வாங்கியது பற்றிக் கடைசியாக வாங்கியவரிடமும், செலவானது பற்றிச் சமைப்பவரிடமும் கேளுங்கள். வாங்கியவர் வீட்டில் இல்லை என்றால் போன் போட்டு வாங்கியது பற்றிய கேள்விகளை மட்டும் முடித்துக்கொள்ளலாம்.

கேள்வித்தாள்

இருபது நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் எல்லா விடையும் "ஆமாங்க, நல்லாத்தான் இருக்கு" என்றுதான் வரும்.

மொழியில் ஒரு சிக்கல் இந்த வட்டாரத்துக்கே உரியது. வீட்டில் தமிழ் பேசுபவர் பலர் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் சரளமாகப் பேசுவார்கள். தமிழ் எழுத்து வாசிக்கத் திணறுவார்கள், அதை வெளியே சொல்ல மாட்டார்கள். அவர் கையில் தமிழ் மட்டும் அச்சிட்ட விடை அட்டையைக் கொடுத்தால், முதல் வரியை அல்லது கடைசி வரியைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அட்டையில் இரண்டு எழுத்தும் இருக்கட்டும். பிராண்டுப் பட்டியல் என்றால் எழுத்தைவிடப் பாக்கெட்டின் படம் மேல். எந்த அட்டையையும் வாசித்தும் காட்டுங்கள். பேட்டி எந்த மொழியில் நடந்தது என்பதற்கு ஒரு கட்டம் வைத்துக் குறியுங்கள். மலையாளத்தில் கேட்டபோது கேரளத்துக் கடைகள் முன்னால் வருகின்றனவா என்று பின்னால் சோதித்துப் பார்க்க அது உதவும்.

அளவைக் கேட்கும் கேள்விகள்தான் உயிர். "மாதம் எவ்வளவு எண்ணெய் ஆகும்?" என்று கேட்காதீர்கள். யாரும் மாதக் கணக்கு வைத்துச் சமைப்பதில்லை. வாயில் வந்த முழு எண்ணைச் சொல்வார்கள், பண்டிகை மாதத்தையும் சேர்த்துக் கூட்டிச் சொல்வார்கள். கடைசியாக வாங்கியதைப் பிடியுங்கள்: எந்த எண்ணெய், எந்த ஊர், எந்தக் கடை, எவ்வளவு, என்ன விலை, அதற்கு முன் வாங்கியது எத்தனை நாள் வந்தது. 2 லிட்டர் 25 நாள் வந்தது, வீட்டில் 5 பேர் என்றால் நாளுக்கு 80 மில்லி, தலைக்கு 16 மில்லி. இந்தக் கணக்கைப் பேட்டியாளர் அங்கேயே போட்டுப் பார்க்க வேண்டும். தலைக்கு 5 மில்லிக்குக் கீழே அல்லது 50-க்கு மேலே வந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது: இன்னொரு வகை எண்ணெய், விருந்தாள், பலகார வியாபாரம், அல்லது அலகுக் குழப்பம்.

அந்த அலகுக் குழப்பம் பெரியது. மில்லில் தேங்காய் எண்ணெய் கிலோவில். கடைப் பாக்கெட்டு லிட்டரில். சில பாக்கெட்டுகளில் கிராமில். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 முதல் 920 கிராம். ஒரு கிலோ என்றால் சுமார் 1.1 லிட்டர். ஒரு லிட்டர் போலவே தோற்றமுள்ள பாக்கெட்டில் 850 கிராம், 800 கிராம் இருக்கும். ஆகவே "அந்தப் பாக்கெட்ட ஒருக்கா காட்டுங்கக்கா" என்று கேட்டு, அச்சிட்ட அளவையும் எம்ஆர்பியையும் பார்த்து எழுதுங்கள். கொடுத்த விலை அதற்கு அடுத்த கட்டத்தில். பாக்கெட்டைப் பார்த்தோமா, வாய்ச்சொல்லா என்பதற்கும் ஒரு குறி.

பிறகு, வாங்காத எண்ணெய். சொந்தத் தோப்புத் தேங்காயைக் காயவைத்து, கொப்பரையை மில்லில் கொடுத்து ஆட்டி வாங்கும் வீடு இங்கே நிறைய. கடைசியாக எப்போது வாங்கினீர்கள் என்றால் "வாங்கறதில்லீங்க" என்பார்கள். பேட்டியாளர் எண்ணெயே ஊற்றாத வீடு என்று எழுதிவிட்டு வந்துவிடுவார். இதற்குத் தனிக் கேள்வி வேண்டும்: எத்தனை கிலோ கொப்பரை கொடுத்தீர்கள், எத்தனை கிலோ எண்ணெய் வந்தது, ஆட்டுக்கூலி எவ்வளவு. நல்ல கொப்பரையில் 100-க்கு 60 முதல் 65 எண்ணெய் வரும். 10 கிலோ கொப்பரைக்கு 9 கிலோ எண்ணெய் என்று பதிவானால் எங்கோ எண் தவறியிருக்கிறது, மறுபடி கேளுங்கள்.

வாங்கிய இடத்துக்கான விடைப் பட்டியல் இப்படி ஊர்ப் பெயராகவே இருக்கட்டும்: உள்ளூர்க் கடை, கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு, கோபாலபுரம், மீனாட்சிபுரம், பொள்ளாச்சி, கோயம்புத்தூர், மாவேலி அல்லது சப்ளைகோ, ரேஷன், மில், வீட்டுக்கு வரும் வண்டி, ஆன்லைன், உறவினர் கொடுத்தது. மாநிலப் பெயர் அதில் வேண்டாம். ஊரை வைத்து அலுவலகத்தில் மாநிலக் குறியைப் போட்டுக்கொள்ளலாம். கடைசி விடை மிக அவசியம். தமிழ்நாட்டு ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எல்லை தாண்டி அக்கா வீட்டிலிருந்து ஒரு பாக்கெட்டு வரும். அது யார் கார்டில் வாங்கியது என்று ஒரு வார்த்தை கேட்காதீர்கள். கேட்டால் அந்தத் தெருவே மூடிக்கொள்ளும்.

ரேஷன் கார்டின் நிறம் தேவை என்றால் கடைசியில் கேளுங்கள். கேரளத்தில் மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை. நிறம் மட்டும் போதும். நம்பர் வேண்டாம், கார்டை எடுத்து வரச் சொல்லவும் வேண்டாம்.

வீட்டின் வசதி நிலைக்கு 2011-இல் வந்த வகைப்பாட்டை இன்னும் பலர் பயன்படுத்துகிறார்கள். குடும்பச் செலவுக்கு அதிகம் கொடுப்பவரின் படிப்பும், 11 பொருட்களில் எத்தனை வீட்டில் இருக்கின்றன என்பதும் சேர்ந்து ஏ1 முதல் ஈ3 வரை 12 படிகள். அந்த 11-இல் விவசாய நிலமும் ஒன்று. வீடு எருத்தேம்பதியில், நிலம் ஆனைமலைப் பக்கம் என்பது இங்கே சாதாரணம், "எந்த ஊர்லயாவது காடு, தோட்டம் இருக்குதுங்களா?" என்று கேட்க வேண்டும். செலவுக்குப் பணம் அனுப்புபவர் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தால் அவரைக் கணக்கில் எடுப்பதா என்பதைப் பயிற்சி நாளிலேயே முடிவு செய்து, எல்லோரும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

பானங்களைப் பற்றிய ஆய்வு என்றால் இரண்டு எச்சரிக்கை. கள் கேரளத்தில் உரிமம் பெற்ற கடையில் விற்பது, தமிழ்நாட்டில் தடை; குடும்பத்தார் முன்னிலையில் அந்தக் கேள்விக்கு உண்மை வராது. குளிர்பானக் கம்பெனி ஒன்றின் ஆலைக்கு எதிராகப் பிளாச்சிமடையில் நடந்த நிலத்தடி நீர்ப் போராட்டமும், 2004-இல் அங்கே உற்பத்தி நின்றதும் பெருமாட்டி பஞ்சாயத்து மக்களுக்கு வாழ்ந்த வரலாறு. அங்கே குளிர்பானம் பற்றிக் கேட்கப் போகிறவர் அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

வாசலில்

பயிற்சி இரண்டு நாள். முதல் நாள் கேள்வித்தாள், இரண்டாம் நாள் ஒருவரை ஒருவர் பேட்டி எடுப்பது. பிறகு 12 முதல் 15 முன்னோட்டப் பேட்டி, மாதிரியில் வராத ஊர் ஒன்றில். எந்தக் கேள்வியில் இரண்டாம் முறை விளக்க வேண்டியிருந்ததோ அந்தக் கேள்வியைத் திருத்துங்கள். பேட்டியாளருக்கு எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும், கேள்வி கோணலாக இருந்தால் விடையும் கோணலாகத்தான் வரும்.

வாசலில் சொல்ல வேண்டியதை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டாம். ஆனால் ஐந்து விஷயம் அதில் இருந்தாக வேண்டும்: யார், எதற்கு, எவ்வளவு நேரம், விற்க வரவில்லை, வேண்டாம் என்று சொல்லலாம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இப்படிப் பேசினால் பொருந்தும்:

"வணக்கமுங்கக்கா. வீட்டுக்கு எண்ணெய் வாங்கறதப் பத்தி ஒரு ஆய்வு பண்றமுங்க. இருபது நிமிசம் ஆகுமுங்க. ஒண்ணும் விக்க வரலீங்க. நீங்க சொல்றது உங்க பேரோட யாருக்கும் போகாதுங்க. வேண்டாம்னா சொல்லிப்போடுங்க, நடுவுல நிறுத்தோணும்னாலும் நிறுத்திக்கலாம்."

பெரியவர்களை ஐயா, அம்மா என்றும், மலையாள வீடு என்றால் சேட்டன், சேச்சி என்றும் கூப்பிடுங்கள். குரல் பதிவு செய்கிறீர்கள் என்றால் அதற்குத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். கோயம்புத்தூர்ப் பெண் பேட்டியாளர்கள் இங்கே நன்றாகப் பொருந்துவார்கள். ஆனால் அதே வார்டைச் சேர்ந்தவரை அந்த வார்டுக்கு அனுப்ப வேண்டாம். கடன் வாங்கிய கதையும் ரேஷன் கதையும் தெரிந்தவரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

டேப்லெட்டில் கோபோ அல்லது ஓடிகே போன்ற செயலியில் படிவம் போடலாம். சிக்னல் இல்லாத இடத்திலும் சேமிக்கும்படி அமைத்து, மாலையில் அனுப்புங்கள். விடை வரம்புகளைப் படிவத்திலேயே போட்டுவிடுங்கள். மேலே சொன்ன தலைக்கு 5 முதல் 50 மில்லி வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை வரட்டும், ஆனால் தடுக்க வேண்டாம். தடுத்தால் பேட்டியாளர் உண்மையான விடையை மாற்றி எழுதி மேலே போய்விடுவார். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 6 பேட்டி, அதிகம் போனால் 8. பத்து, பன்னிரண்டு என்று இலக்கு வைத்தால் திண்ணையில் உட்கார்ந்து எழுதிய பேட்டிகள்தான் கிடைக்கும்.

கடைக் கணக்கு

வீட்டில் கேட்டது பாதி. உள்ளூர்க் கடையில் வாங்கினோம் என்று சொன்ன எண்ணெய், அந்தக் கடைக்கு எங்கிருந்து வந்தது என்பது மறுபாதி. கடை ஆய்வின் சூத்திரம் எளிது: தொடக்க இருப்பு, கூட்டல் வாங்கிய சரக்கு, கழித்தல் முடிவு இருப்பு. மாதத் தொடக்கத்தில் 24 பாக்கெட்டு, இடையில் வாங்கியது 60, முடிவில் 18 என்றால் விற்றது 66.

தவறு வருவது நடு எண்ணில்தான். கடைக்காரர் கேரள விநியோகஸ்தரின் பில்லை மட்டும் காட்டுவார், ஏனென்றால் அது கோப்பில் இருக்கும். பொள்ளாச்சியிலோ பாலக்காடு வலியங்காடியிலோ ரொக்கத்துக்கு எடுத்தது துண்டுச் சீட்டில் இருக்கும், அல்லது எங்குமே இருக்காது. அதை விட்டுவிட்டால் உண்மையைவிடக் குறைவாக விற்றது போலவோ, விற்பனையே எதிர்மறையாகவோ வரும். எதிர்மறை எண் வந்தால் அதை அழித்துப் பூஜ்யம் போடாதீர்கள். சீட்டு விட்டுப்போன கடை அது என்று தெரிந்துகொள்ளுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை போய், "இந்தத் தரம் பொள்ளாச்சியில என்னென்ன எடுத்தீங்கண்ணா?" என்று நேராகக் கேட்டு எழுதுவதே நல்ல வழி. வரிக்காரர் இல்லை என்பதை முதல் நாளே நம்பவைக்க வேண்டும். ரூபாய்க் கணக்கு கேட்காமல் பாக்கெட்டு எண்ணிக்கை மட்டும் கேட்டால் அந்த நம்பிக்கை சீக்கிரம் வரும். கடைக்காரர் தன் வீட்டுக்கு எடுத்தது, உடைந்தது, திருப்பி அனுப்பியது மூன்றையும் தனியாகக் கழியுங்கள். சிறு கடையில் இவை சேர்ந்தால் சிறிய எண் அல்ல.

தமிழ்நாட்டு விநியோகஸ்தரின் சரக்கு கேரளக் கடையில் இருப்பது விற்பனைப் பிரதிநிதிகளுக்குள் சண்டையாகும் விஷயம். அறிக்கையில் கடைப் பெயரோ வார்டோ வரவே கூடாது. பஞ்சாயத்து அளவில் தொகுத்துச் சொல்லுங்கள். ஒரு பஞ்சாயத்தில் 5 கடைக்குக் குறைவாக எடுத்திருந்தால் பக்கத்துப் பஞ்சாயத்தோடு சேர்த்துவிடுங்கள்.

சோதனையும் எடையும்

பத்தில் ஒரு வீட்டுக்காவது மேற்பார்வையாளர் மறுபடி போக வேண்டும் அல்லது போன் செய்ய வேண்டும். கருத்துக் கேள்வியைத் திருப்பிக் கேட்பதில் பயனில்லை, கருத்து மாறும். மாறாதவற்றைக் கேளுங்கள்: வீட்டில் எத்தனை பேர், பாக்கெட்டைப் பார்த்தார்களா, சொந்தத் தேங்காய் உண்டா, பேட்டி எவ்வளவு நேரம் நடந்தது. போலிப் பேட்டிக்குச் சில அடையாளங்கள் உண்டு. பத்து நிமிடத்துக்குள் முடிந்திருக்கும். நான்கு வீட்டின் இருப்பிடப் புள்ளியும் ஒரே திண்ணையில் விழும். வயது எல்லாம் 30, 35, 40 என்று முடியும். எல்லோரும் ஒரு லிட்டர் பாக்கெட்டே வாங்கியிருப்பார்கள். ஒருவரின் ஒரு பேட்டி போலி என்று உறுதியானால் அவருடைய பேட்டிகள் அனைத்தையும் சோதியுங்கள்.

இரண்டு பக்கத்திலும் 200, 200 எடுத்திருக்கிறீர்கள். உண்மையில் கேரளப் பக்கம் 20,000 வீடு, தமிழ்நாட்டுப் பக்கம் 40,000 வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்படியே கூட்டினால் தவறு. கேரளப் பக்கத்துப் பேட்டிக்கு எடை 0.667, தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு 1.333. எடை போட்ட பிறகும் மொத்தம் 400 வர வேண்டும்; வராவிட்டால் எங்கோ பிழை.

அறிக்கையின் முதல் அட்டவணை எது என்பதில் சந்தேகமே வேண்டாம். இடப்பக்கம் வீடு இருக்கும் பஞ்சாயத்து, மேலே வாங்கிய ஊர், கட்டங்களில் லிட்டர். வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் போட்டால், மாதம் ஒரு 15 லிட்டர் டின் எடுக்கும் வீடும் 200 மில்லி பாக்கெட்டு எடுக்கும் வீடும் சமமாகிவிடும். ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் எத்தனை பேட்டி என்று எழுதுங்கள். 30-க்குக் குறைந்தால் சதவீதம் போடாமல் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். மில்லில் ஆட்டியதையும் உறவினர் கொடுத்ததையும் அட்டவணையில் தனி நெடுவரிசையாக வையுங்கள். செலவில் அவை உண்டு, விற்பனையில் இல்லை.

மறுசோதனைக்காக வாங்கிய போன் நம்பர்களைப் பேட்டிக் கோப்போடு சேர்த்து வைக்கக் கூடாது. தனிக் கோப்பில், பேட்டி எண்ணை மட்டும் பொதுவாக வைத்து, மேற்பார்வையாளர் ஒருவரிடம் இருக்கட்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இருக்கும் இந்தக் காலத்தில், எந்த நோக்கத்துக்குச் சம்மதம் வாங்கினோமோ அந்த நோக்கம் முடிந்ததும் விவரத்தை அழிப்பது ஆய்வாளரின் கடமை. எண்ணெய்க் கம்பெனியிடம் கோப்பைக் கொடுக்கும் நாளுக்கு முன்னால் பெயர், போன் நம்பர், வீட்டின் இருப்பிடப் புள்ளி மூன்றையும் நீக்கிவிட்டு, டேப்லெட்டுகளில் மிச்சமிருக்கும் படிவங்களையும் குரல் பதிவுகளையும் அழித்து, அழித்த தேதியைத் திட்டக் கோப்பில் எழுதி வையுங்கள்.